சத்தம் போடாத கதைகள் தந்த மு.வ.

உங்கள் வீட்டில் திருக்குறள் புத்தகம் இருக்கிறதா? அப்பாவின் மேசையிலோ, தாத்தாவின் அலமாரியிலோ, பேச்சுப் போட்டியில் அக்கா வாங்கி வந்த பரிசுகளுக்கு நடுவிலோ தேடிப் பாருங்கள். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் சின்னப் புத்தகமாக இருந்தால், உரை எழுதியவர் யார் என்று அட்டையில் படியுங்கள். அநேகமாக டாக்டர் மு.வரதராசனார் என்று இருக்கும். அவர் ஊசி போடும் டாக்டர் அல்ல. தமிழில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர்! தமிழ்நாடு முழுவதும் அவரை மு.வ. என்று இரண்டே எழுத்தில் அழைத்தது.

குறளுக்கு உரை எழுதியது அவர் செய்த ஒரு வேலை. அவர் நிறையக் கதைகளும் எழுதினார். இன்று நாம் பார்க்கப்போவது அந்தக் கதைக்காரரைத்தான்.

அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகளுக்கு மு.வ.வின் ஊர் ரொம்பத் தூரம் இல்லை. உங்கள் ஸ்டேஷன் வழியாக அரக்கோணம் பக்கம் தடதடவென்று ரயில்கள் போகின்றன அல்லவா? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது அந்தப் பாதையில்தான். ராயபுரத்தில் கிளம்பிய அந்த ரயில் வாலாஜா வரை போனது. அந்த வாலாஜாவுக்குப் பக்கத்தில் வேலம் என்று ஒரு கிராமம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மு.வ. குடும்பத்தின் சொந்த ஊர் அதுதான்.

ஆனால் அவர் பிறந்தது திருப்பத்தூரில், 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று. அப்பா முனுசாமி, அம்மா அம்மாக்கண்ணு. குழந்தைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? திருவேங்கடம்! தாத்தாவின் பெயர் வரதராசன். பேரனையும் எல்லோரும் அந்தப் பெயரிலேயே கூப்பிட, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. வைத்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்பது உங்களில் பலருக்கும் பழக்கம்தானே?

படிப்பில் கெட்டிக்காரர். 1928-ல், 16 வயதில், பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அரசாங்க வேலை! அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தால் போதும், குடும்பமே நிம்மதியாக இருக்கும். ஆனால் அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. நோய் வந்து வாட்டியது. வேறு வழியில்லாமல் வேலையை விட்டுவிட்டு, ஓய்வுக்காகக் கிராமத்துக்குத் திரும்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படிப்பும் முடிந்துவிட்டது, வேலையும் போய்விட்டது, உடம்பிலும் தெம்பு இல்லை. அந்த வயதில் எத்தனை கவலையாக இருந்திருக்கும்!

அவர் தமிழ் படிக்க ஆரம்பித்தார். திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார். 1931-ல் வித்துவான் தேர்வின் முதல் நிலையில் தேறினார். அதற்குப் பிறகு தாமாகவே படித்து 1935-ல் வித்துவான் தேர்வையும் எழுதினார். முடிவு வந்தபோது மாகாணத்திலேயே முதல் ஆள் அவர்தான்! திருப்பனந்தாள் மடம் அவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. இன்றைய ஆயிரம் ரூபாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று அது மிகப் பெரிய தொகை. அதே ஆண்டு ராதா அம்மையாருடன் திருமணம் நடந்தது. திருப்பத்தூரிலேயே நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார்.

1939-ல் அவர் சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் சென்ட்ரல் பக்கம் போகும் பிள்ளைகள் அந்தக் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். அமைந்தகரை தாண்டியதும் சாலையோரத்தில் இருக்கிறது. இப்போது அதன் பெயரிலேயே ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் உண்டு. 1940 வாக்கில்தான் கல்லூரி அந்த இடத்துக்கு வந்தது. அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் மு.வ.வுக்கு உலகமே அந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். பக்கத்திலேயே செனாய் நகரில் வீடு.

கல்லூரிக்கு வந்த அதே 1939-ல் அவருடைய முதல் புத்தகமும் வந்தது. பெரிய ஆராய்ச்சி நூலாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! அதன் பெயர் 'குழந்தைப் பாட்டுகள்'. ஆமாம், பின்னாளில் பெரிய பேராசிரியராகி, துணைவேந்தராகவும் ஆன ஒருவர் முதலில் எழுதியது உங்களுக்காகத்தான்.

பாடம் நடத்திக்கொண்டே அவரும் படித்துக்கொண்டிருந்தார். 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தமிழில் ஆராய்ச்சி செய்து அந்தப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். சங்க இலக்கியத்தில் மலையும் மழையும் பூவும் பறவையும் எப்படி வருகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதை ஆங்கிலத்தில் எழுதினார்! தாலுகா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து தமிழ் படித்த பையன் அவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

சரி, கதைக்கு வருவோம்.

உங்களுக்கு எப்படிப்பட்ட கதை பிடிக்கும்? குதிரை, வாள், சுரங்கப் பாதை, பேய் பங்களா, துப்பறியும் சிறுவன்... இப்படித்தானே சொல்வீர்கள்? எனக்கும் பிடிக்கும். மு.வ. எழுதிய காலத்திலும் அப்படித்தான். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, தமிழ்நாடே வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடியது. அதே காலத்தில் மு.வ.வின் நாவல்களும் விற்றுத் தீர்ந்தன. அவற்றில் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. ஒரு வீடு, இரண்டு நண்பர்கள், ஓர் ஆசிரியர், ஓர் அலுவலகம்... அவ்வளவுதான். அப்புறம் ஏன் படித்தார்கள்?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா உங்களைக் கடைக்கு அனுப்புகிறார். ஆவடி மார்க்கெட்டில் சரியான கூட்டம். கடைக்காரர் அவசரத்தில் மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிடுகிறார். அவருக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் இருக்கிறது. அந்தப் பத்து நொடியில் உங்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்! எந்தக் குதிரைச் சண்டையிலும் அப்படி அடித்துக்கொள்ளாது. ஏனென்றால் சண்டை வந்தியத்தேவனுக்கு. இந்தப் பத்து ரூபாய் உங்கள் கையில்.

சத்தம் போடாத கதைகளின் பலமே இதுதான். கதையில் வருகிறவன் முடிவு எடுக்கும் முன்பு, படிக்கிற நாம் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். அவன் என்ன செய்யப்போகிறான் என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்போம்.

வடநாட்டில் பிரேம்சந்த் என்ற பெரிய எழுத்தாளர் இருந்தார். 'ஈத்கா' என்று அவர் எழுதிய கதை 1933-ல் வந்தது. அப்பா, அம்மா இல்லாத சிறுவன் ஹமீது, பண்டிகை நாளில் மூன்றே பைசாவுடன் திருவிழாக் கடைகளுக்குப் போகிறான். கூட வந்த பையன்கள் பொம்மையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். ஹமீதுக்கும் ஆசைதான். ஆனால் ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுட்டுக்கொள்வது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. மூன்று பைசாவுக்கும் ஓர் இடுக்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். கதையே இவ்வளவுதான்! ஆனால் இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

மு.வ.வும் அந்த வழியில் நடந்தவர். அவருடைய முதல் நாவல் 'செந்தாமரை'. அதைத் தாமே வெளியிட்டார். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நாவல்கள் வந்தன. 'கள்ளோ காவியமோ' நாவலில் மங்கை கொஞ்சம் கதை சொல்வாள், அப்புறம் அருளப்பன் கொஞ்சம் சொல்வான். ஒரே நிகழ்ச்சி இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியும்! வீட்டில் தம்பியும் நீங்களும் சண்டை போட்டுவிட்டு அம்மாவிடம் போய்த் தனித்தனியாகச் சொல்வீர்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. 'கரித்துண்டு' நாவலில் ஓர் ஓவியர் வருகிறார். வாழ்க்கை தலைகீழாகி, சென்னை நடைபாதையில் கரித்துண்டால் படம் வரைந்து பிழைக்கும் நிலை அவருக்கு வருகிறது. 'பெற்ற மனம்' நாவல் 1960-ல் சிவாஜி கணேசன் நடித்து சினிமாவாகவும் வந்தது.

எல்லாவற்றிலும் பேர் பெற்றது 'அகல் விளக்கு'. இதற்குத்தான் 1961-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கதை நடக்கும் இடம் எது தெரியுமா? மு.வ.வின் சொந்த ஊருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரைப் பக்கம் இருக்கும் அதே வாலாஜா!

வேலய்யன் என்ற பையன்தான் கதை சொல்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில், கிராமத்திலிருந்து படிக்க வந்த சந்திரன் குடியேறுகிறான். சந்திரன் பார்க்க அழகு. கணக்கில் புலி. ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவன் செல்லப் பிள்ளை. வேலய்யன் நம்மைப் போல. சுமாராகப் படிப்பான். நடுவில் உடம்புக்கு முடியாமல் போய், படிப்பிலும் பின்தங்கிவிடுகிறான். ஆனாலும் இருவரும் உயிர் நண்பர்கள்.

உங்கள் வகுப்பிலும் ஒரு சந்திரன் இருப்பானே? எல்லாப் பரிசும் அவனுக்கே போகும். அவனைப் பிடிக்கவும் செய்யும், லேசாகப் பொறாமையாகவும் இருக்கும். வேலய்யனுக்கு அவன் மேல் பாசம்தான் அதிகம்.

பிறகு சந்திரன் சென்னைக் கல்லூரிக்குப் போகிறான். அங்கே அவன் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறுகிறது. ஒரே நாளில் யாரும் கெட்டுப்போவதில்லை, இல்லையா? இன்று ஒரு சின்னப் பொய், நாளைக்கு இன்னொன்று. பக்கத்தில் இருந்து பார்க்கும் வேலய்யனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எடுத்துச் சொன்னால் நண்பன் கோபித்துக்கொள்வான். சொல்லாவிட்டால் அவன் பாழாகிவிடுவான். இப்படிப்பட்ட நண்பனைவிட்டு விலகிவிட வேண்டுமா, கூடவே இருக்க வேண்டுமா? நாவல் முழுவதும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. 'அகல் விளக்கு' என்று ஏன் பெயர் வைத்தார், அந்தச் சின்ன விளக்கு யார் என்பதைப் படிக்கும்போது நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் ஒன்று, இது பெரியவர்களுக்கான நாவல். சின்னப் பிள்ளைகள் இன்னும் இரண்டு, மூன்று வருடம் காத்திருக்கலாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தைரியமாக எடுக்கலாம்.

மு.வ. கடிதங்களாகவும் புத்தகம் எழுதினார். 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று நான்கு புத்தகங்கள். 'தம்பிக்கு' புத்தகத்தில் வளவன் என்ற அண்ணன், எழில் என்ற தம்பிக்குக் கடிதம் எழுதுகிறான். தமிழ், படிப்பு, பழக்கவழக்கம் என்று பல விஷயங்கள் வரும். எழில், வளவன், அருளப்பன், மலர்விழி... பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் அழகான தமிழ்ப் பெயர்கள்! அவர் கதைகளைப் படித்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மணமக்களுக்கு மு.வ. புத்தகங்களைப் பரிசாகக் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. எவர்சில்வர் குடத்தோடு போட்டி போட்ட புத்தகங்கள்!

அவரைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கதையில் அறிவுரை அதிகம், பாத்திரங்கள் பேசுவது பாடம் நடத்துவது போல் இருக்கிறது என்றார்கள் விமர்சகர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சில நாவல்களில் கதை வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருவர் நின்று நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாத வாத்தியார் மாதிரி! ஆனால் வாசகர்கள் அதையும் பொறுத்துக்கொண்டார்கள். பேசுகிறவர் நம் மேல் அக்கறையோடு பேசுகிறார் என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

முதலில் சொன்னேனே, அந்தச் சின்னத் திருக்குறள், அது 1949-ல் வந்தது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்டது. குறளுக்கு ஏற்கெனவே எத்தனையோ உரைகள் உண்டு. பரிமேலழகர் என்ற பெரும்புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிய உரை மிகவும் புகழ் பெற்றது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளவே ஒரு புலவர் வேண்டும்! மு.வ. என்ன செய்தார்? 1330 குறளுக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு எளிய வாக்கியங்கள் மட்டும் எழுதினார். இலக்கணம் இல்லை, மேற்கோள் இல்லை, வாதம் இல்லை. படித்தவுடன் புரியும். பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் படிக்கலாம். இதுவரை எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. இன்றும் பள்ளிகளில் பரிசு என்றால் பல இடங்களில் அந்தப் புத்தகம்தான்.

குறளும் கதையும் அவருக்கு வேறு வேறு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. குறளில் 108-ஆம் அதிகாரத்தின் பெயர் 'கயமை'. மு.வ. எழுதிய ஒரு நாவலின் பெயரும் 'கயமை'தான்! வள்ளுவர் ஏழு சீரில் சொன்னது ஒரு வீட்டிலும் ஓர் ஆபீஸிலும் நடந்தால் எப்படி இருக்கும் என்று அவர் எழுதிப் பார்த்திருக்கிறார்.

1961-ல் மு.வ. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவர் ஆனார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி அவரைத் தேடி வந்தது. இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதுதான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியத்துக்கான கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே 1972-ல் அவருடைய 'தமிழ் இலக்கிய வரலாறு' நூலும் வந்தது. கல்லூரியில் தமிழ் படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அவரிடம் படித்தவர்களில் பலர் பேராசிரியர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான சி.பாலசுப்பிரமணியன், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே ஆனார். மு.வ.வின் மூன்று மகன்கள் திருநாவுக்கரசு, நம்பி, பாரி. மூவரும் டாக்டர்கள். இவர்கள் நிஜமாகவே ஊசி போடும் டாக்டர்கள்!

நோயால் ஒரு வேலையை இழந்த அந்தத் திருப்பத்தூர்ப் பையன், மொத்தத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். நாவல்கள் மட்டும் பதின்மூன்று. காந்தியடிகள், தாகூர், பெர்னாட்ஷா, திரு.வி.க. ஆகியோரின் வாழ்க்கையையும் எழுதினார். இலங்கைக்குப் போய் வந்ததைப் பற்றி 'யான் கண்ட இலங்கை' என்று ஒரு பயண நூலும் உண்டு. துணைவேந்தராக இருந்தபோதே, 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

வேலய்யன் கடைசியில் சந்திரனை விட்டு விலகினானா, கூடவே இருந்தானா? ஊஹூம், நான் சொல்ல மாட்டேன்! உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் நாவல்கள் இருக்கும் அலமாரிக்குப் போய் 'அகல் விளக்கு' கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.